மழைநாளில் வலசைக் குருவிகள் கண்ணில் படவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இலையுதிர் காலத்தில் வலசை போகும் பாடும் பறவைகளைத் தேடி மழைநாளில் கிளம்பியவர்கள் வெறுமனே திரும்பினால், அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் மழையாகவே இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் இதே குறையைப் பிறரிடம் கேட்டும், என்னிடமே கண்டு சரிசெய்தும் பழகியதில் எனக்கு வேறொன்று தெரியவந்தது: நனைந்த கண்ணருகு லென்ஸ், துடைக்கும்போது தெரியாமல் திரும்பிவிட்ட ஒரு வளையம், காற்று அறைகிற பக்கமாகத் தேர்ந்துகொண்ட ஒரு நடைபாதை ஆகிய மூன்றும் மழையைவிட அதிகமான பறவைகளை மறைத்துவிடுகின்றன.

உங்கள் அறிகுறிக்குரிய தலைப்பைக் கண்டுபிடித்து, அதன் கீழ் உள்ளவற்றை வரிசை மாறாமல் சோதிக்கவும். செலவே இல்லாத காரணம் முதலிலும், பணமோ நிபுணரோ தேவைப்படும் காரணம் கடைசியிலும் வைக்கப்பட்டுள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்பது தெரியாமல் அடுத்த மழையிலும் அதே இடத்தில் நிற்க நேரும்.

இடிமழைக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. மின்னலைக் கண்டதிலிருந்து இடியோசை கேட்பதற்குள் 30 நொடிகூட ஆகவில்லை என்றால், அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ சென்றுவிட வேண்டும், கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது. மரத்தடி ஒதுங்குமிடம் ஆகாது.

## 1. பைனாகுலரில் எல்லாம் பால் கலந்ததுபோல் தெரிகிறது

முதற்சோதனை ஒன்றுதான். கண்ணருகு லென்ஸை உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, முகத்தில் வைக்காமல் பத்து நொடி கையில் பிடித்திருந்து, பிறகு பாருங்கள். தெளிந்து மீண்டும் மூடினால் 1அ. மூட்டம் இல்லை, ஆனால் படம் வெளிறியிருக்கிறது என்றால் 1ஆ. துடைத்தும் துளிகூட மாறவில்லை என்றால் 1இ.

### 1அ. துடைத்தால் தெளிகிறது, முகத்தில் வைத்ததும் மூடுகிறது

குளிர்ந்த கண்ணாடியில் உங்கள் முகத்து வெப்பமும் ஈரமும் படிவதே இதற்குக் காரணம். நனைந்த புருவத்தையும் கன்னத்தையும் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பார்களே தவிர முகத்தைத் துடைப்பதில்லை. கருவி முகத்தில் இருக்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுவதும், கண் கிண்ணத்தைப் புருவத்தோடு அழுத்தாமல் நூலிழை இடைவெளி விட்டுப் பிடிப்பதும் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

அவை பலிக்கவில்லை என்றால், இடைவேளைகளில் கருவியை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். குளிர்ந்துபோன பைனாகுலரை வியர்த்த மழைச்சட்டைக்குள் செருகி வைத்தால், உள்ளே இருக்கும் ஈரம் முழுவதும் அந்தக் கண்ணாடியில்தான் படியும். சட்டைக்கு வெளியே, மார்பின் மேல், கண்ணருகு லென்ஸுகளை மூடும் மழைமூடியோடு தொங்கவிடுவதே நல்லது. குளிரூட்டிய வண்டியில் இருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்குள் இறங்குகிறவர்களுக்கும் இதே தொல்லை நேரும். இறங்குவதற்கு ஒரு கால் மணி நேரம் முன்பே குளிரூட்டியை நிறுத்திவிட்டால் கருவி வெளிக்காற்றின் வெப்பத்தை எட்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் துணியேதான். நனைந்த துணி ஈரத்தை நீக்காது, பரப்பிவிடும். நான் மூன்று துணிகள் எடுத்துச் செல்கிறேன்: ஒன்று முகத்துக்கு, ஒன்று லென்ஸுக்கு, மூன்றாவது நெகிழிப் பையில் மூடியபடி, இரண்டாவது நனைந்த பிறகு எடுப்பதற்கு. பற்பசை, சவர்க்காரம், எச்சில் என்று மூட்டம் தடுக்க வழங்கும் வீட்டு வைத்தியங்களை லென்ஸின் மேற்பூச்சின் மீது சோதித்துப் பார்க்க வேண்டாம்.

### 1ஆ. மூட்டம் இல்லை, ஆனால் படம் வெளிறிச் சோர்ந்திருக்கிறது

இங்கே குற்றவாளி துளிகள். கண்ணருகு லென்ஸில் விழுந்த ஒரே துளி படத்தைக் கலைத்துவிடுவதால் உடனே தெரிந்துவிடுகிறது. எதிர்முனையில் உள்ள பொருளருகு லென்ஸில் பத்துத் துளிகள் இருந்தாலும் அவை துளிகளாகத் தெரிவதில்லை, படம் மட்டும் வெளிறிப்போகிறது. அதனால் பலர் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்ப்பதில்லை. கருவியைத் திருப்பி, துளிகளை முதலில் உதறி, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். மணலோ சேறோ பட்டிருந்தால் துடைக்கவே கூடாது. காற்றூதும் ரப்பர் பந்தால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, அதன் பின்பே துணி. கடலோரத்தில் உப்புச்சாரல் பட்ட நீர்புகாக் கருவியை வீடு திரும்பியதும் நல்ல நீரை மெல்ல ஊற்றிக் கழுவிய பிறகு துடைக்க வேண்டும். நீர்புகாத் தன்மை உறுதியில்லாத கருவிக்கு இது பொருந்தாது.

துளி விழாமலே பார்ப்பதற்கான மலிவான கருவி, முன்பக்கம் நீண்ட விளிம்புள்ள தொப்பி.

### 1இ. எவ்வளவு துடைத்தும் மாறவில்லை

ஈரம் உள்ளே சென்றுவிட்டது. பொருளருகு லென்ஸின் வழியே கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் உட்பரப்பில் பனிப்படலம் தெரியும். அன்றைக்கு அந்தக் கருவியால் மேலே பார்க்க முடியாது. வெறுங்கண்ணாலும் காதாலும் தொடருங்கள்.

நீர்புகாத் தன்மை இல்லாத கருவி என்றால், வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போதிய சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். முடி உலர்த்தியின் சூடு, அடுப்போரம், கொளுத்தும் வெயில் ஆகியவை பட்டகங்களைப் பிடித்திருக்கும் பசையையும் மசகையும் கெடுக்கும். அரிசிக்குள் புதைத்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் தவிட்டுத் தூசு திருகிடைகளுக்குள் சென்று தங்கிவிடும்.

நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து நீர்புகா வகையில் மூடப்பட்ட கருவி உள்ளே மூட்டம் கொண்டால், எங்கோ ஒரு ரப்பர் வளையம் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். உலர்த்தினால் தற்காலிகமாகத் தெளியும், அடுத்த மழையில் திரும்பி வரும். இங்கேதான் பழுது நீக்குநரிடம் கொடுக்க வேண்டும். முதலில் உத்தரவாத அட்டையைத் தேடி எடுங்கள். திருகாணியைக் கழற்றி நீங்களே திறந்தால் பட்டகங்களின் நேர்வரிசை கலையும், உத்தரவாதமும் போய்விடும். உட்புறத்தில் சிலந்திவலை போன்ற கிளைத்த இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அது லென்ஸின் பூச்சை அரிக்கும் என்பதால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

## 2. ஒரு கண்ணில் மட்டும் மங்கல், அல்லது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது

மழைநாளில் இந்தக் குறை அதிகமாக வருவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. கண் கிண்ணங்களைத் திரும்பத் திரும்பத் துடைக்கும் கை, வலது கண்ணுக்குக் கீழே இருக்கும் டயாப்டர் வளையத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறது. வளையத்துக்குப் பூட்டு இல்லாத கருவிகளில் இது ஒரு காலையில் இரண்டு மூன்று முறைகூட நேரும். கருவி கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கக் கொண்டுபோகும் நிலையில் இருந்த ஒருவருக்கு நான் அந்த வளையத்தை இரண்டு கோடு திருப்பிக் கொடுத்ததோடு விஷயம் முடிந்துவிட்டது.

சரிசெய்யும் முறை இது. வலப்பக்கப் பொருளருகு லென்ஸைக் கையால் மறைத்து, இடது கண்ணால் தொலைவில் உள்ள ஒரு கூர்மையான பொருளை நடுத்திருகால் குவியப்படுத்துங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்து, நடுத்திருகைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். சரியான நிலையில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அடுத்த முறை ஐந்து நொடி வேலை. வளையம் இடப்பக்கத்திலோ நடுத்திருகிலோ அமைந்த கருவிகளும் உண்டு. அவற்றுக்குக் கையேட்டில் உள்ள முறையே சரி.

அது காரணமில்லை, படத்தின் ஓரங்களில் கறுப்புப் பிறைகள் தெரிகின்றன என்றால், கீலை மடித்தோ விரித்தோ இரு குழாய்களும் ஒரே வட்டமாகச் சேரும்வரை சரிசெய்யுங்கள். மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் கண் கிண்ணங்களைக் கீழே தாழ்த்தியிருக்க வேண்டும்.

இரண்டும் சரி, ஆனால் உருவம் இரண்டாகவே தெரிகிறது அல்லது பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது என்றால், தொலைவில் உள்ள மின்கம்பி போன்ற கிடைக்கோட்டைக் குவியப்படுத்தி, கருவியைக் கண்ணிலிருந்து மெதுவாகச் சற்றுத் தள்ளிக்கொண்டே வாருங்கள். இரு வட்டங்களிலும் கம்பி வெவ்வேறு உயரத்தில் நின்றால் பட்டகம் நகர்ந்துவிட்டது. வழுக்கும் பாதையில் விழுந்து அடிபட்ட கருவிகளில் இது வழக்கம். இது தனிக்கருவியை வைத்துச் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் ஆகாது. கருவியே இல்லாமல் வெறுங்கண்ணிலும் இரட்டையாகத் தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.

## 3. பறவை வெறும் கறுப்பு நிழலாகத் தெரிகிறது

முதலில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். மேகம் மூடிய வானம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும், கிளையில் இருக்கும் குருவியைவிடப் பலமடங்கு வெளிச்சமானது. அதைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் எந்த விலையுள்ள கருவியும் கறுப்பு உருவத்தையே காட்டும். மேட்டில் ஏறி, பறவைக்குப் பின்னே வானம் இல்லாமல் இலைத்திரள் இருக்கும்படி பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது மழைநாள் ஒரு வசதி: கூரிய நிழல்கள் விழாததால் மஞ்சளும் ஆலிவும் வெயில்நாளைவிட நேர்மையாகத் தெரியும்.

இடம் மாற்றியும் இருட்டாக இருந்தால் கருவியின் எண்களைப் பாருங்கள். இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 8×42 கருவிக்கு 5.25, 10×42 கருவிக்கு 4.2, சட்டைப்பையில் அடங்கும் 10×25 கருவிக்கு 2.5. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரிந்திருக்கும்போது 2.5 மில்லிமீட்டர் போதாது. இது பழுதில்லை என்பதால் பழுதுபார்ப்பவரால் தீர்க்க முடியாது. வாங்குவதற்கு முன், ஒரு மேகமூட்டமான மாலையில் நண்பரின் 8×42 கருவியை இரவல் வாங்கிப் பாருங்கள்.

## 4. காடு முழுவதும் மௌனம், ஒரு குருவிகூட இல்லை

இந்தக் குறைக்குத்தான் அதிகமான காரணங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை தீர்க்கக்கூடியவை.

### 4அ. மழை வலுவாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது

பறவைகள் அடர்ந்த இலைகளுக்குள் இறகை ஒடுக்கி அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. நீங்களும் அதையே செய்யுங்கள். தேடி நடப்பதால் கிடைப்பது ஈரம் மட்டுமே. எட்டு கிராம் எடையுள்ள ஒரு கதிர்க்குருவி இரவு முழுவதும் பறந்து கொழுப்பைச் செலவழித்துவிட்டு இறங்கியிருக்கிறது. மழை தூறலாகக் குறைந்த உடனே அது இரைதேடத் தொடங்கியாக வேண்டும். மழை நின்ற பின்வரும் முதல் ஒரு மணி நேரமே அந்த நாளின் சிறந்த நேரம் என்பது என் அனுபவம். மழை ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஓய்ந்த கணத்தில் ‘இனிப் போகலாம்’ என்று வீடு திரும்புகிறவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். மழை நடுவில் கிளம்பியிருந்தால்கூட அவர்களுக்கு இவ்வளவு நட்டம் இருந்திருக்காது.

### 4ஆ. தூறல்தான், ஆனாலும் எதுவும் இல்லை

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்புறத்துக்குச் செல்லுங்கள். காட்டின் ஓரம், புதர்வேலி, ஓடைப்பள்ளம், மதில் என எது காற்றைத் தடுக்கிறதோ அதன் மறைவுப் பக்கத்தில்தான் பூச்சிகள் ஒதுங்குகின்றன, பூச்சிகள் இருக்கும் இடத்தில் பறவைகள் இருக்கின்றன. ஒரே தோப்பின் காற்றடிக்கும் ஓரம் வெறிச்சோடியும், மறுஓரம் இருபது குருவிகளோடும் இருந்த காலைகள் எனக்குக் கணக்கில்லை.

அடுத்து, உயரத்தைத் தாழ்த்துங்கள். வெயில்நாளில் உச்சிக்கிளையில் மேயும் குருவிகளை ஈரநாளில் நான் பெரும்பாலும் இடுப்பளவு புதர்களிலும் தலையளவு கிளைகளிலுமே கண்டிருக்கிறேன். பழுத்த சிறுகனிப் புதர்களைத் தனியாகக் கவனியுங்கள். பூச்சி தின்னும் பறவைகளில் பல, வலசைக் காலத்தில் பழத்துக்கும் வருகின்றன. நீர்நிலை அருகில் இருந்தால், தகைவிலான்கள் நீர்ப்பரப்பை ஒட்டிப் பறப்பதைப் பார்க்கலாம். வாலாட்டிகளும் நெட்டைக்காலிகளும் தண்ணீர் தேங்கிய குட்டைப் புல்வெளிக்கு இறங்கும். அங்கே மரங்களை அண்ணாந்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

### 4இ. சரியான இடத்தில் இருந்தும் இல்லை

நடப்பதை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து முழுமையாக 15 நிமிடம் ஓரிடத்தில் நில்லுங்கள். அப்படி நிற்கும்போது தேட வேண்டியது வலசைப் பறவையை அல்ல, அந்த இடத்திலேயே வாழும் பறவைகளின் கூட்டத்தை. பட்டாணிக் குருவிகளைப் போன்ற உள்ளூர்வாசிகள் இலைக்கு இலை தாவியபடி கூட்டமாக நகரும்; ஊர் தெரியாமல் வந்திறங்கிய வலசைக் குருவிகள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கின்றன. அறிமுகமான குரல்கள் கேட்டால் ‘இவைதானே’ என்று ஒதுக்காமல் கூட்டத்தில் உள்ள ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

### 4ஈ. எல்லாம் செய்தாயிற்று

இப்போதுதான் வானத்தைக் குறை சொல்லலாம். பாடும் பறவைகளில் பெரும்பாலானவை சூரியன் மறைந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பி இரவில் பறக்கின்றன. ஆகவே மழை எப்போது தொடங்கியது என்பதே கேள்வி.

மாலையிலேயே தொடங்கி விடிய விடியப் பெய்திருந்தால், பெரும்பாலானவை கிளம்பியே இருக்காது. புதிதாக எதுவும் வரவில்லை, ஏற்கெனவே இருந்தவை இங்கேயே இருக்கின்றன. நள்ளிரவுவரை தெளிவாக இருந்து, விடியற்காலையில் மழை குறுக்கிட்டிருந்தால், பறந்துகொண்டிருந்தவை இருந்த இடத்திலேயே இறங்கியிருக்கும்; எதிர்க்காற்றும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. பார்வையாளர்கள் ஆண்டெல்லாம் காத்திருப்பது இந்த இரண்டாவது வகைக் காலைக்குத்தான். மழை முழுவதும் நின்று, தெளிவான வானத்தோடு பறவைகளின் பயணத்திசையிலேயே காற்று வீசிய இரவுக்கு மறுநாள், நேற்றுப் பார்த்த கூட்டமே காணாமல் போயிருக்கும். அது பிழையல்ல, அவை கிளம்பிவிட்டன.

இரவுப் பயணத்தை வானிலை ரேடார் காட்டும். அமெரிக்காவில் பேர்ட்காஸ்ட் திட்டம் அந்தத் தரவிலிருந்தே வலசை முன்கணிப்பைத் தருகிறது. மழைப்படலம் இருக்கும் இடத்தில் பறவைகளின் எதிரொலியை மழை மறைத்துவிடும் என்பதால், மழைக்கு முந்தைய மணி நேரங்களைப் பாருங்கள். மூன்று நல்ல காலைகளில் தொடர்ந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் பார்த்துவரும் ஒருவரோடு ஒரு காலை நடந்து செல்லுங்கள். இந்தக் குறைக்கு நிபுணர் அவர்தான்.

## 5. குரல் கேட்கிறது, பறவை அகப்படவில்லை

மழைச்சட்டையின் தலைமூடியைக் கழற்றுங்கள். அது காதை மறைப்பதோடு, தலை திரும்பும்போதெல்லாம் உரசி ஒலி எழுப்புகிறது, ஒலியின் திசையையும் குழப்புகிறது. மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும் என்பதால், மரத்தடியிலிருந்து வெளியே வந்து திறந்த இடத்தில் நின்று கேளுங்கள்.

கண்ணுக்கு வரும் குழப்பம் வேறு வகை. எல்லா இலையும் அசைகிறது. சொட்டும் துளி இலையைக் கீழே தள்ளி, அதே இடத்தில் எழுப்பி நிறுத்திவிடும். குருவி அசைக்கும்போது சிறுகிளையே பக்கவாட்டில் ஆடும், அடுத்த நொடியில் அடுத்த கிளை ஆடும். அசைவு இடம் மாறுகிறதா என்று மட்டும் பார்க்கப் பழகினால், பத்து நிமிடத்தில் கண் துளிகளைத் தானாகவே ஒதுக்கத் தொடங்கிவிடும்.

வெறுங்கண்ணில் தெரிந்தது, கருவியைத் தூக்கியதும் இல்லை என்றால், நீங்கள் குனிந்து கருவியைப் பார்த்திருக்கிறீர்கள். பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். முன்கூட்டியே 10 முதல் 15 மீட்டர் தொலைவுக்குக் குவியப்படுத்தி வைத்திருந்தால், தூக்கிய உடன் தெளிவுக்கு அருகில் இருக்கும்.

கைப்பேசியில் பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டு வரவழைப்பதையும், உதட்டால் சீறல் ஒலி எழுப்புவதையும் இந்த நாட்களில் தவிருங்கள். பயணத்தில் களைத்து, நனைந்து, இரை தேடும் பறவையின் நேரத்தை அது களவாடுகிறது. ஒலியைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் மழையிரைச்சலில் மெல்லிய அழைப்பொலிகள் அமிழ்ந்துபோகும் என்பதால், அவை சொல்லும் பெயரைத் தேடுவதற்கான துப்பாகக் கொள்ளுங்கள், பதிவேட்டில் எழுதும் முடிவாக அல்ல.

## 6. பறவை நன்றாகத் தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை

‘எல்லாம் பழுப்பாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்கின்றன’ என்ற குறைதான் இங்கே எப்போதும் வருவது. முதற்காரணம் ஈரம். நனைந்த இறகு கறுக்கிறது, இறகுகள் ஒட்டிக்கொள்வதால் இறக்கைப் பட்டை காணாமல் போகிறது, தலை சிறுத்துத் தெரிகிறது. பறவை உதறி இறகு கோதி முடிக்கும்வரை காத்திருந்து மீண்டும் பாருங்கள். எனக்கு வந்த ‘அரிய பறவை’களில் பாதி அந்த ஐந்து நிமிடத்தில் சாதாரணப் பறவைகளாகிவிட்டன.

இரண்டாவது, பருவம். வசந்தத்தில் பாடிய பகட்டான ஆண்களின் படத்தை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. இலையுதிர் காலத்தில் வருபவற்றில் பெரும்பகுதி அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள், அல்லது மங்கிய இறகுக்கு மாறியவை. செம்மார்பு ஈப்பிடிப்பானின் பெண்ணுக்கும் இளம்பறவைக்கும் சிவப்பே கிடையாது. வாலை மேல்நோக்கி உயர்த்தும்போது வாலடியின் இரு புறமும் தெரியும் வெள்ளைத் திட்டுகளே அடையாளம். வட அமெரிக்காவின் பிளாக்போல் கதிர்க்குருவி இலையுதிர் காலத்தில் வேறொரு கதிர்க்குருவியைப் போலவே பச்சையும் மஞ்சளுமாக மாறிவிடுகிறது. அப்போது பாதத்தின் மஞ்சள் நிறம்தான் கைகொடுக்கும்.

ஆகவே நிறத்தைக் கடைசிக்குத் தள்ளி, இந்த வரிசையில் கேளுங்கள்: வாலை என்ன செய்கிறது, எந்த உயரத்தில் எப்படி மேய்கிறது, எப்படி அழைக்கிறது, கால் என்ன நிறம், பிறகே உடல் நிறம். இலைகளுக்கிடையே திரியும் கதிர்க்குருவிகளில் இந்த வரிசையின் பயன் தெளிவாகத் தெரியும். சிஃப்சாஃப் வாலைத் திரும்பத் திரும்பக் கீழே தாழ்த்தும், கால் கருமை; மிக ஒத்த வில்லோ கதிர்க்குருவிக்குக் கால் பெரும்பாலும் வெளிர் நிறம், புருவக்கோடு தெளிவு, மடித்த இறக்கையின் நுனி நீளம். பச்சைக் கதிர்க்குருவிக்கு இறக்கையில் மெல்லிய வெளிர்பட்டை உண்டு, ஆனால் இறகு தேய்ந்த முதிர்பறவையில் அது தெரியாமலே போகலாம். அதன் ஈரசை அழைப்பு தேய்வதில்லை.

கால் நிறத்தைச் சேறு மாற்றிக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவாகவில்லை என்றால் ‘கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்று எழுதுவது மதிப்பான பதிவு. அந்தப் பகுதிக்கு அரியது என்று உறுதியாகத் தோன்றினால், வழிகாட்டி நூலைத் திறப்பதற்கு முன்பே கண்டதை எழுதி, படமோ ஒலிப்பதிவோ எடுத்து, உங்கள் வட்டாரப் பதிவுகளைச் சரிபார்ப்பவரிடம் அனுப்புங்கள். நூலைப் பார்த்த பிறகு எழுதும் குறிப்பில், காணாத அடையாளங்களும் வந்து சேர்ந்துவிடும்.

## 7. குறிப்பேடும் கைப்பேசியும் ஒத்துழைக்கவில்லை

மை கலைந்தால் பென்சில். தொடுதிரை துளிகளைத் தொடுகையாக எடுத்துக்கொண்டால், திரையைத் துடைத்துவிட்டு, எழுதுவதற்குப் பதிலாகக் குரலில் பதியுங்கள். கைப்பேசியின் துளை ஈரமாக இருக்கும்போது மின்னேற்ற வேண்டாம்.

## 8. பறவை தரையில் கிடக்கிறது அல்லது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது

இதில் தவறு செய்தால் இழப்பு பறவைக்கு. அதனால் வரிசையை விடாமல் பின்பற்றுங்கள்.

திறந்த வெளியில், கண் திறந்து, இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருக்கிறது: களைத்து இறங்கிய பறவையாக இருக்கலாம். நெருங்காமல், பத்து மீட்டருக்கு அப்பால் விலகி, பூனையும் நாயும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரை கொத்தத் தொடங்கினால் உங்கள் வேலை முடிந்தது.

கண்ணாடிச் சுவரின் கீழே கிடக்கிறது: மோதியிருக்கிறது. தாழ்ந்த மேகமும் தூறலும் உள்ள இரவுகளில் விளக்கொளி பறவைகளைக் கட்டடங்களை நோக்கி இழுக்கிறது. 2023 அக்டோபர் 5 அன்று சிகாகோவின் ஏரிக்கரைக் கட்டடம் ஒன்றில் மட்டும் கிட்டத்தட்ட 1000 பறவைகள் மோதி இறந்தன, அதன் பிறகு அந்தக் கண்ணாடிகளில் நெருக்கமான புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டப்பட்டது. உயிரோடு கிடக்கும் பறவையை மென்துணியால் மெல்ல எடுத்து, காற்றுத் துளைகள் உள்ள மூடிய அட்டைப்பெட்டியில், அமைதியான இருட்டான இடத்தில் வையுங்கள். தண்ணீரோ உணவோ வாயில் ஊற்ற வேண்டாம், அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணாடிகளிலிருந்து விலகிய மரங்களருகே கொண்டுசென்று பெட்டியைத் திறங்கள்; பறந்தால் நல்லது.

உடனே அழைக்க வேண்டிய நிலைகள்: இறக்கை ஒருபக்கம் தொங்குகிறது, இரத்தம் தெரிகிறது, இரண்டு மணி நேரமாகியும் பறக்கவில்லை, அல்லது பூனை பிடித்த பறவை. பூனையின் பல்லோ நகமோ பட்ட காயம் வெளியே தெரியாத அளவு சிறிதாக இருந்தாலும் அதன் நுண்ணுயிர்த்தொற்று பறவையைக் கொன்றுவிடும் என்பதால், அதற்கு இரண்டு மணி நேரக் காத்திருப்பு பொருந்தாது. காட்டுயிர் மறுவாழ்வு மையத்தையோ, அத்தகைய மையம் இல்லாத இடத்தில் வனத்துறையையோ அழைத்து, கண்டெடுத்த இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பெட்டி மூடியே இருக்கட்டும். உங்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.